தெருவில் கிடைத்த நாய்க்குட்டியை வளர்க்கப் போறீங்களா? முதல் 16 வாரங்கள் ஏன் முக்கியம்?

மாலை நாலரை மணி. ஜலகண்டாபுரத்தில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. அப்படி ஒரு தெருவில், ஸ்கூல் விட்டு வந்த பிள்ளை அட்டைப்பெட்டியோடு வாசலில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்குள் பழுப்பும் வெள்ளையுமாக ஒரு நாய்க்குட்டி. “அம்மா, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல தனியா கத்திக்கிட்டு இருந்துச்சும்மா. நாமளே வளர்க்கலாம்மா, நான் பாத்துக்கிறேன்.”

அம்மா அப்பாவைப் பார்ப்பார். அப்பா ஓடிக்கொண்டிருக்கும் தறியைப் பார்ப்பார். பாட்டி, “மொதல்ல ஒரு கிண்ணத்துல பால் ஊத்துங்க” என்பார். அவ்வளவுதான், முடிவு எடுத்தாயிற்று. ராத்திரிக்குள் பெயர் வைத்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் போட்டுவிடுவார்கள்.

ஆறு மாதம் கழித்து அதே குட்டி என்ன ஆகும்? பல வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கிறது. நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும், அல்லது மீண்டும் தெருவுக்கே போய்விடும். இதற்குக் காரணம் பெரும்பாலும் பாசக் குறைவு இல்லை. வீட்டில் எல்லோரும் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். நாய்க்கென்று யாரிடமும் நேரம் இல்லை. சுறுசுறுப்பான வீடு வேறு, நேரம் இருக்கிற வீடு வேறு. குட்டிக்குத் தேவை இரண்டாவது.

ஒரு கலப்பினக் குட்டி வீட்டுக்குள் வரும்போது என்னவெல்லாம் கவனிக்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

தெருநாய்கள் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2025 ஆகஸ்ட் 22 அன்று ஓர் உத்தரவு பிறப்பித்தது. பிடிக்கப்பட்ட நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். ரேபீஸ் தொற்று உள்ளவையும் மூர்க்கமானவையும் மட்டும் விதிவிலக்கு என்பது அதில் அதிகம் பேசப்பட்ட பகுதி.

அதே உத்தரவில் தத்தெடுப்பு பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்து தெருநாயைத் தத்தெடுக்கலாம். ஆனால், அந்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது தத்தெடுத்தவரின் பொறுப்பு.

வாசலில் அட்டைப்பெட்டியோடு வரும் குட்டிக்கு யாரும் விண்ணப்பம் போடுவதில்லை. ஆனாலும் பொறுப்பு அதேதான். எடுத்தால் அதன் ஆயுள் முழுக்க. அதாவது 10 முதல் 15 வருடம். இப்போது ஆறாவது படிக்கும் பிள்ளை காலேஜ் முடித்து வேலைக்குப் போன பிறகும் அந்த நாய் வீட்டில் இருக்கும்.

‘கிராஸ்’ குட்டி என்றால் குணம் எப்படி இருக்கும்?

“இது சிப்பிப்பாறை கிராஸ், ஓட்டம் நல்லா இருக்கும்”, “லேப் கிராஸ்ங்க, புள்ளைங்ககிட்ட சாதுவா இருக்கும்” என்று ஊருக்குள் சொல்வது வழக்கம். தெருவில் பிறந்த குட்டிக்கு அப்பா யார் என்பது பெரும்பாலும் ஊகம்தான். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கே வெவ்வேறு அப்பாக்கள் இருக்கலாம்.

சரி, இனம் தெரிந்துவிட்டால் குணத்தைச் சொல்லிவிட முடியுமா? அமெரிக்க ஆய்வாளர்கள் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் தகவல் திரட்டி, 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் ஆராய்ந்தார்கள். 2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான அந்த ஆய்வின்படி, தனிப்பட்ட நாய்களின் குண வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தை மட்டுமே இனத்தால் விளக்க முடிகிறது.

அதனால் குட்டியின் காது மடங்கியிருக்கிறதா, வால் சுருண்டிருக்கிறதா என்று பார்த்துக் குணத்தைக் கணிப்பதில் பலன் குறைவு. அதன் முதல் சில வாரங்கள் எப்படிக் கழிகின்றன என்பதைக் கவனிப்பதுதான் பயன் தரும்.

இன்னொரு விஷயம். பெட்டைக் குட்டி என்றால் எடுக்கவே பலர் தயங்குகிறார்கள். “குட்டி போட்டுக்கிட்டே இருக்கும்” என்பதுதான் சொல்லும் காரணம். ஒரு கருத்தடை ஆபரேஷனில் தீர்ந்துவிடும் விஷயம் அது.

எந்த வயதில் எடுக்கலாம்?

சுமார் 8 வாரம் வரை குட்டி தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருப்பது நல்லது. எவ்வளவு அழுத்தமாகக் கடித்தால் மற்றவருக்கு வலிக்கும் என்பதை அது கற்றுக்கொள்வது அங்கேதான். சகோதரக் குட்டியைப் பலமாகக் கடித்தால் அது கத்தும், விளையாட்டு நின்றுபோகும். மூன்று, நான்கு வாரத்திலேயே பிரித்துக் கொண்டுவந்த குட்டிக்கு இந்தப் பாடத்தை வீட்டில் இருப்பவர்கள்தான் நடத்த வேண்டியிருக்கும்.

ஆனால், தெருவில் விட்டுவைப்பதிலும் ஆபத்து உண்டு. கொல்கத்தா ஐசர் ஆய்வாளர்கள் மேற்கு வங்கத்தில் 364 தெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏழு மாத வயதைத் தொட்டவை 19 சதவீதம் மட்டுமே. இறப்புகளில் 60 சதவீதத்துக்கும் மேல் மனிதர்களின் செயல்களால் நேர்ந்தவை.

தாய் பக்கத்தில் இருந்து, இடமும் பாதுகாப்பாக இருந்தால், குட்டியை அங்கேயே விட்டுத் தாய்க்குச் சாப்பாடு போடுவது நல்ல வழி. 8 வாரம் ஆனதும் கொண்டுவரலாம். தாய் செத்துவிட்டது, குட்டி மெயின் ரோட்டில் கிடக்கிறது என்றால் காத்திருக்க வேண்டியதில்லை.

வயதை எப்படித் தெரிந்துகொள்வது? கண் திறக்க சுமார் இரண்டு வாரம். முன்பக்கப் பால் பற்கள் எட்டிப் பார்த்தால் மூன்று, நான்கு வாரம். 28 பால் பற்களும் முளைத்திருந்தால் எட்டு வாரத்தை நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

முதல் நாள்: பாலா, டாக்டரா?

பாட்டியின் கிண்ணத்துக்கு வருவோம். பசும்பால் பல குட்டிகளுக்குச் செரிக்காது, பேதியாகும். சின்னக் குட்டிக்குப் பேதி என்றால் உடலில் நீர் வற்றிச் சட்டென்று சோர்ந்துவிடும். கண் திறந்து, பல் முளைத்து, நடமாடும் குட்டிக்குக் குழைந்த சோற்றில் வேகவைத்து மசித்த முட்டை அல்லது எலும்பில்லாத கோழிக்கறி சேர்த்துத் தரலாம். நாமக்கல் பக்கத்திலேயே இருக்க, முட்டைக்கா பஞ்சம்? நான்கு மாதம் வரை ஒரு நாளைக்கு மூன்று, நான்கு வேளை. ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு வேளை போதும்.

முதல் நாளோ அடுத்த நாளோ மாட்டாஸ்பத்திரிக்கு, அதாவது அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோவது அவசியம். அங்கு எடை பார்த்து, பூச்சி மருந்து தருவார்கள். தாயிடமிருந்தே குடற்புழு குட்டிக்கு வந்துவிடும் என்பதால் 12 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை என்பது பொதுவான கணக்கு. நாயின் உருண்டைப் புழு மனிதர்களையும் தாக்கும். குட்டியைக் கொஞ்சிவிட்டு அதே கையோடு முறுக்கு எடுக்கும் பிள்ளைக்குச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்வது அதனால்தான்.

சிக்கலான நோய் என்றால் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1985-ல் தொடங்கப்பட்ட அந்தக் கல்லூரியின் மருத்துவமனைதான் இந்த வட்டாரத்துக்குப் பெரிய துணை.

ஊசி: ஒன்று போட்டால் போதாதா?

“ஒரு ஊசி போட்டாச்சு, அது போதும்” என்ற எண்ணத்தால் போன குட்டிகள் ஏராளம்.

தாயின் சீம்பாலில் இருந்து குட்டிக்கு நோய் எதிர்ப்புச் சக்தி கிடைக்கிறது. அது இருக்கும்வரை தடுப்பூசி முழுதாக வேலை செய்யாது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, இரண்டிலிருந்து நான்கு வார இடைவெளியில், குட்டிக்கு 16 வாரம் ஆகும்வரை ஊசியைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்கான கூட்டு ஊசி இது. ரேபீஸ் ஊசி தனி. முதல் டோஸ் மூன்று மாதத்தில். பிறகு டாக்டர் சொல்லும் தேதியில் பூஸ்டர், அதன்பின் வருடா வருடம்.

இதில் பார்வோவுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். சாப்பிடாமல் சுருண்டு படுக்கும், வாந்தி எடுக்கும், ரத்தத்தோடு பேதி போகும். சிகிச்சை இல்லாவிட்டால் இரண்டு, மூன்று நாளில் உயிர் போய்விடலாம். இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வீட்டில் ஏற்கெனவே ஒரு குட்டி இப்படி இறந்திருந்தால், ஊசி போடாத இன்னொரு குட்டியை உடனே அங்கே கொண்டுவரக் கூடாது. சாதாரண பினாயில் இதற்குப் போதாது. பிளீச் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் 30 பங்கு கலந்து தரையைக் கழுவ வேண்டும்.

ஊசி முடியும்வரை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைக்கலாமா?

நிறையப் பேர் தடுமாறும் இடம் இது. ஊசி முடிய 16 வாரம் ஆகிறது. ஆனால், குட்டியின் மூளை உலகத்தைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் காலம் சுமார் 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரைதான். அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் பல வருடம் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965-ல் வெளியிட்ட நூல் இந்தக் காலத்தின் முக்கியத்துவத்தை உலகுக்குச் சொன்னது. ஊசி முடியட்டும் என்று இருட்டறையில் வைத்திருந்தால், அந்தக் கதவு சாத்திக்கொள்கிறது. பின்னாளில் ஹெல்மெட் போட்ட ஆளைப் பார்த்தாலே பயந்து கடிக்கிற நாயாக அது மாறலாம்.

தீர்வு சுலபம். தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு போய் உலகத்தைக் காட்டலாம். வாரச்சந்தையின் கூட்டம், பஸ் ஹாரன், தாடி வைத்த தாத்தா, குடை பிடித்த அக்கா, மாடு, தறிச் சத்தம் என எல்லாவற்றையும் அது இடுப்பில் உட்கார்ந்தே பார்க்கட்டும். பயந்து ஒடுங்கினால் சற்றுத் தள்ளி நின்று, பிடித்த தீனி கொஞ்சம் கொடுத்துப் பழக்கலாம். ஊசி போட்ட ஆரோக்கியமான நாய் இருக்கும் சொந்தக்காரர் வீட்டு முற்றத்தில் விளையாட விடலாம். தெருநாய்கள் வந்துபோகும் குப்பைமேட்டுப் பக்கம் மட்டும் வேண்டாம்.

தறி வீட்டுக் குட்டிக்கு இதில் ஒரு லாபம் உண்டு. இந்த வயதில் தூரத்திலிருந்து மெதுவாகப் பழகிவிட்டால் தறியின் ‘டக்டக்’ சத்தம் அதற்குத் தாலாட்டு மாதிரி.

தறி வீட்டில் எதைக் கவனிக்கணும்?

வேஸ்ட் நூல். குட்டிக்குத் தரையில் கிடப்பதெல்லாம் விளையாட்டுப் பொருள். நீளமான நூலை விழுங்கினால், ஒரு முனை வயிற்றில் சிக்க, மறு முனை குடலில் இறங்க, குடல் சுருக்குப் பை போலச் சுருங்கிக் கிழியும் அபாயம் இருக்கிறது. வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் பிடித்து இழுக்கக் கூடாது. அப்படியே டாக்டரிடம் ஓட வேண்டும். தறிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் முழங்கால் உயரத் தடுப்பு ஒன்று வைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. கீழே தொங்கும் மின் வயர்களையும் மேலே ஏற்றிக் கட்டிவிட வேண்டும்.

சமையலறையில் வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் நான்கும் நாய்க்கு விஷம். கேசரியில் கிடக்கும் உலர்திராட்சையும் இதில் சேர்த்தி. வெங்காயம் போட்ட குழம்புச் சோறும், வெந்த கோழி எலும்பும் பழக்கத்தில் இருந்தாலும் நல்லதல்ல. வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும்.

வீட்டில் எல்லாரும் ஆக்டிவ்தான். குட்டிக்கு எவ்வளவு ஓட்டம் தேவை?

நினைப்பதை விடக் குறைவு. குட்டி நாளின் பெரும்பகுதியைத் தூங்கித்தான் வளரும். பத்து நிமிட விளையாட்டு, பிறகு தூக்கம், மறுபடி விளையாட்டு என்பதுதான் அதன் கணக்கு. பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய முதல் விதி: தூங்கும்போது தொடக் கூடாது, சாப்பிடும்போது தொடக் கூடாது.

காலை ஜாகிங்குக்குக் கூட்டிப்போக ஆசைப்படும் அண்ணன்மார் பொறுக்க வேண்டும். எலும்பின் வளர்ச்சிப் பகுதிகள் மூட சுமார் ஒரு வருடம் ஆகும். அதற்கு முன் நீண்ட ஓட்டம் மூட்டைக் கெடுக்கும். பைக்கில் கட்டி ஓட்டுவது எந்த வயதிலும் கூடாது. சேலத்து வெயிலில் தார் ரோட்டின் மேல் புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால், அந்த ரோட்டில் நாயை நடக்கவிடக் கூடாது.

ஆறு மாதத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகும். குட்டி இப்போது இளவட்டம். தினமும் இரண்டு வேளை நடையும் விளையாட்டும் வேண்டும். கிடைக்காவிட்டால் செருப்பைக் கடிக்கும், செடியைத் தோண்டும், போகிற வருகிறவர்களைப் பார்த்துக் குரைக்கும். “அடங்கவே மாட்டேங்குது” என்று சங்கிலி வாங்குவது இப்போதுதான். கட்டிப்போட்டால் அது இன்னும் மோசமாகும்.

சட்டமும் இதைப் பேசுகிறது. ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் வந்த 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி, எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு உரிய நடமாட்டம் தராமல் இருப்பது குற்றம். வளர்த்த பிராணியைக் கைவிடுவதும் குற்றம். முதல் முறை என்றால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு டீ, வடை செலவுதான். அபராதத்துக்குப் பயந்து யாரும் நாயை வைத்துக்கொள்ளப் போவதில்லை. வீட்டில் இருப்பவர்களின் மனசாட்சிதான் காவல்.

குட்டியின் பல் பட்டால் ஊசி போடணுமா?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வைக்கலாம். “சின்னக் குட்டிதானே, விளையாட்டுக்குக் கடிச்சுது” என்று விட்டுவிடக் கூடாது. வயது ஒரு பொருட்டே இல்லை. தெருவில் இருந்து வந்த குட்டிக்கும் ரேபீஸ் தொற்று இருக்கலாம். மனிதர்களுக்கு வரும் ரேபீஸில் 99 சதவீதம் வரை நாய்களால்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பலியாகிறவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது அநேகமாக இல்லை. கடிபட்ட உடனே சிகிச்சை எடுத்தால் முழுதாகத் தடுக்கலாம்.

பல் பட்டோ நகம் கீறியோ தோல் கிழிந்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய், டாக்டர் சொன்னபடி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அங்கே ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28-ம் நாட்கள் என்று நான்கு முறை. “குட்டி நல்லாத்தானே இருக்கு” என்று நடுவில் தாமாக நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தலாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்.

தொப்புளைச் சுற்றி ஊசி போட்டதெல்லாம் அந்தக் காலம். இப்போது கையில் போடும் சிறு ஊசிதான். பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வைப்பது நல்லது. ஊசிக்குப் பயந்து கடிபட்டதை மறைத்துவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். “கடிச்சா திட்ட மாட்டோம், உடனே வந்து சொல்லு” என்று பெரியவர்கள் முன்கூட்டியே சொன்னால் ஓர் உயிர் பிழைக்கும்.

கருத்தடை எப்போது?

பெட்டை நாய் ஆறு மாதத்திலிருந்தே பருவத்துக்கு வரலாம். சினைக்காலம் சுமார் 63 நாள். அசந்தால் வீட்டில் ஐந்தாறு குட்டிகள். அவற்றுக்கும் ஓர் அட்டைப்பெட்டி, இன்னொரு பஸ் ஸ்டாண்ட். ஆறு மாதத்தை நெருங்கும்போதே டாக்டரிடம் நாள் கேட்டு வைக்க வேண்டும். கடுவனுக்கும் செய்யலாம், துணை தேடி ஊர் சுற்றுவதும், சண்டையில் காயம்படுவதும் குறையும்.

பெட்டியைத் திறக்கும் முன்...

இவ்வளவையும் படித்துவிட்டு “அப்ப வேண்டாம்” என்று ஒரு வீடு முடிவெடுத்தால், அதுவும் நல்ல முடிவுதான். தெருவிலேயே அதற்குச் சாப்பாடும் தண்ணீரும் வைத்து, ஊசிக்கும் கருத்தடைக்கும் ஏற்பாடு செய்தாலே அந்தக் குட்டிக்குப் பெரிய உதவி.

“வளர்க்கலாம்” என்றால், அன்றிரவே எல்லோரும் உட்கார்ந்து நான்கு கேள்விக்குப் பெயரோடு பதில் எழுதி, பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடலாம். காலை ஆறு மணிக்கு வெளியே கூட்டிப்போவது யார்? மத்தியானம் சாப்பாடு வைப்பது யார்? ஊசித் தேதியை போனில் அலாரம் வைத்துப் பார்த்துக்கொள்வது யார்? ஊருக்குப் போனால் யார் வீட்டில் விடுவது?

நான்குக்கும் “நான் பாத்துக்கிறேன்” என்று அந்தப் பிள்ளையின் பெயர் மட்டுமே இருந்தால், அந்த வீடு இன்னும் தயாராகவில்லை. பரீட்சை வந்துவிட்டால் அந்தப் பிள்ளையாலும் பார்க்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரியவரின் பெயரும் சேர்ந்திருந்தால், தாராளமாகப் பெயர் வைத்து ஸ்டேட்டஸ் போடலாம்.